உயர்தெளிவுக் கணினிக் கமரா: தெரிவும் பயன்பாடும்

கடல் கடந்து வாழும் ஒருவரின் குரலைக் கேட்டல் நெடுங்காலமாகவே இயல்வதொன்று. அவர்தம் முகத்தைப் பார்த்துக்கொண்டே உரையாடுதல் அண்மைக் காலத்திலேதான் எல்லார்க்கும் எளிதாயிற்று. இவ்வசதியை நமக்கு அளித்த கருவிகளுள் மிகச் சிறியது கணினித் திரையின்மேல் அமர்ந்திருக்கும் கமராவாகும். 'வெப்காம்' என வழங்கும் இக்கருவியை வாங்குவோர் பலர். அதனைத் தெரிந்தெடுக்கும் முறையையும் வைக்கும் முறையையும் ஆராய்ந்து பார்ப்போர் சிலரே. யானும் முன்னர் அப்பலருள் ஒருவனாகவே இருந்தேன். நான் செய்த பிழையொன்றே இக்கட்டுரையை எழுதுமாறு என்னைத் தூண்டியது.

2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திற் பெருந்தொற்றுக் காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டபின், பழைய மாணவர் கூட்டங்களும் கணினித் திரையிலேயே நடைபெறலாயின. அடுத்த ஆண்டு யூலை மாதத்தில், நமக்குப் பௌதிகம் கற்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரைத் திரைமூலம் காண்பதற்கு வெளிநாடுகளிலுள்ள அவர் மாணவர் விரும்பினர். அப்பொழுது அவருக்கு எண்பது வயது கடந்திருந்தது. ஏற்பாடு என் பொறுப்பாயிற்று. இங்கு மாலை 5.30 மணி, இலண்டனிற் பிற்பகல் 1.00, ரொறன்ரோவிற் காலை 8.00, சிட்னியில் இரவு 10.00. அனைவர்க்கும் ஓரளவு இசைந்த நேரம் அதுவே. இத்தகைய நிகழ்ச்சிக்கு மிகச் சிறந்த கருவியே வேண்டுமென்று எண்ணி, கடையில் இருந்தவற்றுள் விலையுயர்ந்த கமராவை வாங்கிச் சென்றேன். ஆசிரியரின் சாய்மனைக் கதிரையை மேற்குப்புற யன்னலின் முன்னே இட்டு, அவருக்கு எதிரே கணினியை வைத்தேன்.

கூட்டம் தொடங்கிற்று. "சேர், உங்கள் முகம் தெரியவில்லையே" என்று ரொறன்ரோவிலிருந்து ஒரு குரல் எழுந்தது. திரையில் யன்னல் பளிச்சென்று ஒளிர்ந்தது. ஆசிரியரோ கரிய நிழலாய் இருந்தார். கணினியின் அமைப்புகளை யான் பத்து நிமிடம் மாற்றி மாற்றிப் பார்த்தும் பயனில்லை. அயல்வீட்டிலிருந்து வந்திருந்த உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன், ஒன்றும் பேசாது எழுந்து, மேசையையும் கதிரையையும் இடம் மாற்றி, ஆசிரியர் யன்னலை நோக்கியிருக்குமாறு செய்தான். அக்கணமே அவர் முகம், நெற்றித் திருநீறும் நரைத்த புருவமும் விளங்கத் தெளிவாய்த் தோன்றிற்று. ஆசிரியர் என்னைத் திரும்பிப் பார்த்து, "தம்பி, ஒளி எங்கிருந்து வருகிறதென்று பாராமல் விலையைப் பார்த்து வாங்கினீர் போலும். ஒளியியற் பாடத்தில் என்ன படித்தீர்?" என்றார். நான்கு நாடுகளிலும் சிரிப்பொலி எழுந்தது.

அடுத்த ஆண்டு அவர் இறைவனடி சேர்ந்தார். அன்று திரையிற் கண்ட முகமே பலர்க்கும் அவரை இறுதியாகக் கண்ட முகமாயிற்று. அவர் அன்று கேட்ட வினாவுக்கு விடை சொல்லும் முயற்சியாகவே இதனை எழுதுகின்றேன்.

தொடக்க வரலாறு

இக்கருவியின் தொடக்கம் சுவையானது. 1991ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகக் கணினி ஆய்வுகூடத்தில் ஆய்வாளர் சிலர் கோப்பிக் கெண்டி ஒன்றைப் பொதுவாகப் பயன்படுத்தினர். வேறு அறைகளிலிருந்து மாடிப்படி ஏறி வந்து, கெண்டி வெறுமையாயிருப்பதைக் கண்டு ஏமாற்றமடைவோர் பலர். இத்தொல்லையைத் தீர்ப்பதற்காக ஒரு கமராவைக் கெண்டியை நோக்கி வைத்து, அதன் படத்தை ஆய்வுகூடக் கணினிகளிலே காணச் செய்தனர். 1993ஆம் ஆண்டில் அப்படம் இணையத்தோடு இணைக்கப்பட்டது. உலகின் எம்மூலையில் இருப்போரும் அக்கெண்டியைப் பார்க்கலாயினர். 2001ஆம் ஆண்டு ஆகத்து மாதத்தில் அக்கமரா நிறுத்தப்பட்டது. அது காட்டிய படம் நிறமற்றது. அகலத்தில் 128 புள்ளிகளும் உயரத்தில் 128 புள்ளிகளுமே உடையது. ஆயினும், கெண்டியிற் கோப்பி உண்டா இல்லையா என அறிதற்கு அதுவே போதுமாயிருந்தது. கருவியின் ஆற்றலை அதனாற் பெறவேண்டிய பயன்கொண்டே அளத்தல் வேண்டும் என்பதற்கு இது நல்ல சான்று.

1994ஆம் ஆண்டில் கொனெக்றிக்ஸ் என்னும் அமெரிக்க நிறுவனம் 'குயிக்காம்' என்ற பெயரில் வீட்டுக் கணினிக்குரிய சிறு கமராவை ஏறத்தாழ 100 டொலருக்கு விற்கத் தொடங்கியது. அதன் படம் 320க்கு 240 புள்ளிகள் கொண்டது. நிறங்களுக்குப் பதிலாகச் சாம்பல் நிறத்தின் 16 படிகளையே காட்ட வல்லது. 1998ஆம் ஆண்டில் லொஜிற்றெக் நிறுவனம் இக்கமராப் பிரிவை வாங்கியது. இன்றைய கமராக்கள் அவ்வழியில் வளர்ந்தவையே.

உயர்தெளிவு என்பது யாது?

கமரா காட்டும் படம் சிறு சிறு புள்ளிகளால் ஆனது. இப்புள்ளிகளைப் 'பிக்செல்' என்பர். பழைய கமராக்களின் படம் பெரும்பாலும் 640க்கு 480, அதாவது 307,200 புள்ளிகள் உடையதாயிருந்தது. '720' என்று குறிக்கப்படுவது 1280க்கு 720. மொத்தம் 921,600 புள்ளிகள். '1080' என்பது 1920க்கு 1080. மொத்தம் 2,073,600 புள்ளிகள். '4கே' என்பது 3840க்கு 2160; மொத்தம் 8,294,400 புள்ளிகள். 720உம் அதற்கு மேற்பட்டனவும் உயர்தெளிவு எனப்படும்.

புள்ளிகள் மிகுந்தாற் படமும் அம்முறையிற் சிறக்கும் என எண்ணுதல் இயல்பு. இங்கே சிறிது கணக்குப் பார்த்தல் நன்று. மூலைக்கு மூலை 78 பாகை விரிவைக் காணும் வில்லை இவ்வகைக் கமராக்களிற் பெருவழக்கானது. அதன் எதிரே 60 சென்ரிமீற்றர் தொலைவில் ஒருவர் அமர்ந்தால், படத்தில் அடங்கும் அகலம் ஏறத்தாழ 84 சென்ரிமீற்றர். முகத்தின் அகலம் 15 சென்ரிமீற்றர் எனக் கொள்வோம். 1080 படத்தில் அம்முகத்தின் குறுக்கே ஏறத்தாழ 340 புள்ளிகளும், 720 படத்தில் ஏறத்தாழ 230 புள்ளிகளும் அமையும். இரண்டிலும் முகம் நன்கு தெரியும். அன்றியும், கூட்டத்தில் இருபத்தைவர் கலந்துகொண்டு, திரை வரிசைக்கு ஐந்தாக ஐந்து வரிசையாய்ப் பகுக்கப்படின், 1920 புள்ளி அகலமுள்ள திரையில் ஒருவர் பெறும் அகலம் 384 புள்ளிகளுக்கு மேற்படாது. அச்சிறு கட்டத்துள் 4கே படத்தைச் செலுத்துதல் நாழியுட் கடலை முகக்க முயல்வது போன்றதே.

ஆனால், ஒரு வகுப்பறையையோ நிர்வாகக் குழுவையோ காட்ட நேர்ந்தால் நிலைமை வேறு. 3 மீற்றர் தொலைவிலிருந்து ஏறத்தாழ 4.2 மீற்றர் அகலத்தைக் காட்டும்பொழுது, ஒவ்வொரு முகத்துக்கும் 1080 படத்தில் ஏறத்தாழ 69 புள்ளிகளும் 720 படத்தில் 46 புள்ளிகளுமே கிடைக்கும். கரும்பலகையில் 3 சென்ரிமீற்றர் உயரமாய் எழுதிய எழுத்துக்கு முன்னதில் 14 புள்ளிகள், பின்னதில் 9 புள்ளிகள். ஒன்பது புள்ளிகளுக்குள் தமிழெழுத்தின் சுழிகள் கலங்கிவிடும். மாணவர் னகரத்தையும் ணகரத்தையும் பிரித்தறிய இடர்ப்படுவர். எனவே, தனியொருவர் உரையாடற்கு 720 போதும், 1080 தாராளம். வகுப்பறைக்கும் மண்டபத்துக்கும் 1080 வேண்டும், இயலுமாயின் 4கே நன்று என்க.

தெரிவு செய்யும் முறை

பெட்டியின்மேல் அச்சிட்ட புள்ளிக் கணக்கை மட்டும் நம்புதல் கூடாது. மலிவான கருவிகள் சில, குறைந்த புள்ளிகளாற் பெற்ற படத்தைப் பின்னர் பெருக்கி, 4கே எனக் காட்டுகின்றன. மாவைப் பெருக்காது நீரைப் பெருக்கினால் தோசை எண்ணிக்கை மிகும். உண்பவர் பசி தீராது. வாங்குமுன் கமராவைக் கடையிலுள்ள கணினியில் இணைத்து, அச்சிட்ட தாள் ஒன்றை அதன் எதிரே பிடித்துப் பார்த்தால் உண்மை புலப்படும்.

அடுத்து நோக்க வேண்டியது ஒளியை உணரும் தகடு. உணரி எனப்படும் இது மிகச் சிறியது. ஒரே அளவான தகட்டிற் புள்ளிகளை நான்கு மடங்காக்கினால், ஒவ்வொரு புள்ளிக்கும் உரிய பரப்பு காற்பங்காகும். அது பெறும் ஒளியும் அவ்வாறே குறையும். அதனாலேயே மங்கிய அறையில் 4கே என விற்கப்படும் மலிவான கமரா, நல்ல உணரியும் வில்லையும் உடைய 1080 கமராவிலும் கேடான படத்தைத் தருதல் உண்டு. மடிக்கணினியின் மூடி மெலிந்ததாகலின் அதனுள் பெரிய வில்லைக்கு இடமில்லை. மடிக்கணினியோடு வரும் கமரா பெரும்பாலும் தனிக்கமராவிலும் தாழ்ந்திருத்தற்கு இதுவே காரணம்.

மூன்றாவது குவியம். விலை குறைந்தவற்றிற் குவியம் நிலையானது. ஏறத்தாழ ஒரு கைத்தொலைவுக்கு அப்பாலுள்ளவை தெளியும், மிக அண்மையில் உள்ளவை மங்கும். முகத்தை மட்டும் காட்டுவோர்க்கு இது போதும். புத்தகத்தையோ பரிசோதனைப் பொருளையோ அருகிற் காட்ட விரும்பும் ஆசிரியர்க்குத் தானே குவியத்தை மாற்றும் கமரா வேண்டும். இதிலும் ஒரு குறையுண்டு: மங்கிய ஒளியிலும் கையசைவின்போதும் அது குவியத்தைத் தேடித் தடுமாறும். அத்தன்மையைத் தேவைப்பட்டபோது நிறுத்திவைக்கும் வசதி உளதா என விசாரித்தல் நன்று.

நான்காவது செக்கனுக்கு எத்தனை படங்கள் என்பது. உரையாடற்கு 30 படங்கள் போதும். நடனமோ விளையாட்டோ காட்டுவோர் 60 படங்கள் தருவதை நாடலாம். அறையில் ஒளி குறைந்தால், ஒவ்வொரு படத்துக்கும் நெடுநேரம் ஒளியைச் சேகரிக்கும் பொருட்டுக் கமரா தன் வேகத்தை 15 படங்கள் அளவுக்குத் தானே தாழ்த்திக்கொள்ளும். கையசைவு இழுபட்டுத் தோன்றினால் இணையத்தைக் குறைகூறு முன் விளக்கை ஏற்றிப் பார்த்தல் வேண்டும்.

ஐந்தாவது இணைப்பு. யு.எஸ்.பி. இணைப்புடையதும், எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான 'யு.வி.சி.' முறையில் அமைந்ததுமான கமரா, தனி மென்பொருள் எதனையும் வேண்டாது, இணைத்தவுடன் இயங்கும். செக்கனுக்கு 30 படம் வீதம் 1080 படத்தைச் சுருக்காமல் அனுப்புதற்குச் செக்கனுக்கு ஏறத்தாழ 1,000 மெகாபிற்று வேண்டும். யு.எஸ்.பி. 2.0 இணைப்பின் உச்ச வேகமோ 480 மெகாபிற்று. ஆகையால் கமராவே படத்தைச் சுருக்கி அனுப்புகின்றது. பல கருவிகளைத் தாங்கும் கிளைப்பெட்டியில் இணைப்பதினும் கணினியில் நேரே இணைத்தலே சிறந்தது. யு.எஸ்.பி. 2.0 கம்பி 5 மீற்றருக்கு மேற்படலாகாது என்பதையும் மண்டபத்திற் பயன்படுத்துவோர் நினைவிற் கொள்க.

இவ்வளவும் கூறியபின் ஒன்று சொல்ல வேண்டும். புதிய கமராவே வாங்காமலிருத்தலும் ஒரு நல்ல தெரிவாகும். இன்றைய கைத்தொலைபேசிகளின் பின்புறக் கமரா, சாதாரண வெப்காமிலும் பெரும்பாலும் சிறந்தது. 2022ஆம் ஆண்டு முதல் அப்பிள் கணினிகளில் ஐபோனைக் கமராவாகப் பயன்படுத்தும் வசதி உண்டு. 2023ஆம் ஆண்டில் வெளிவந்த அன்ரோயிட் 14 உடைய கைத்தொலைபேசிகள் சிலவற்றைக் கம்பியால் இணைத்தால் அவையும் கமராவாய்த் தொழிற்படும். ஏனையவற்றுக்கு இதற்கென அமைந்த செயலிகள் உள. கைத்தொலைபேசியை அசையாது நிறுத்த ஒரு தாங்கி மட்டும் வேண்டும். பொருள்வசதி குறைந்த மாணவர்க்கு இவ்வழியை முதலிற் பரிந்துரைப்பேன்.

வைக்கும் முறை

இனி ஆசிரியரின் வினாவுக்கு வருவோம். கமரா தன் முன்னுள்ள காட்சி முழுவதன் ஒளியையும் கணித்து, அதற்கேற்பத் தன்னைத் திருத்திக்கொள்கிறது. முகத்தின் பின்னே பெரிய யன்னல் ஒளிருமாயின், காட்சி மிகப் பிரகாசமானது என்று கருதி ஒளியைக் குறைத்துக்கொள்ளும், முகம் இருண்டுவிடும். நான் வாங்கிய கமரா பழுதுடையதன்று. யான் அதற்கு இட்ட பணியே பிழையானது. ஆகவே யன்னல் எப்பொழுதும் முகத்துக்கு எதிரேயோ பக்கவாட்டிலோ இருத்தல் வேண்டும். இரவில் மேசைவிளக்கைக் கணினிக்குப் பின்னே, கண்மட்டத்துக்குச் சிறிது மேலே, ஒரு பக்கமாக வைக்கலாம். சிறிய மின்குமிழின் தொலைவைப் பாதியாக்கினால் முகத்திற் படும் ஒளி நான்கு மடங்காகும். இவ்விதியைப் பௌதிக மாணவர் அறிவர். ஒளி கூர்மையாயிருப்பின் ஒரு வெள்ளைத் தாளையோ மெல்லிய வெண்டுணியையோ விளக்கிற்கும் முகத்திற்கும் இடையே, சுடுகுமிழைத் தொடாதவாறு, தொங்கவிடலாம். மூக்குக் கண்ணாடி அணிவோர் விளக்கை மேலும் சிறிது உயர்த்தினால், கண்ணாடியில் ஒளி தெறித்துக் கண்களை மறைப்பது நீங்கும்.

இங்குள்ள மின்சாரம் செக்கனுக்கு 50 சுற்றுடையது. ஆதலின் பல விளக்குகள் செக்கனுக்கு 100 முறை துடிக்கின்றன. கண்ணுக்குப் புலனாகாத இத்துடிப்பு, கமராவின் படத்திற் பட்டை பட்டையாய் நகர்ந்து தோன்றும். கமரா அமைப்பில் 50, 60 என இரு தெரிவுகள் உண்டு. இலங்கையிலும் இங்கிலாந்திலும் 50ஐயும், கனடாவிலும் அமெரிக்காவிலும் 60ஐயும் தெரிதல் வேண்டும். கனடாவிலுள்ள உறவினர் அன்போடு கொண்டுவந்த கமராவில் இதனை மாற்ற மறந்து, கருவி பழுதென்று எறிந்துவிட எண்ணியோரை யான் அறிவேன்.

கமரா கண்மட்டத்தில் இருத்தல் வேண்டும். மேசைமேற் கிடக்கும் மடிக்கணினி கீழிருந்து நோக்குவதால் மோவாயும் கூரைவிசிறியுமே பெரிதாய்த் தோன்றும். தடித்த புத்தகங்கள் சிலவற்றை அடியில் அடுக்கினால் இக்குறை நீங்கும். மிக அருகில் அமர்ந்தால் மூக்குப் பெருத்துத் தோன்றும். ஒரு கைத்தொலைவு அளவானது. பேசும்பொழுது திரையிலுள்ள முகத்தைப் பார்ப்பதே நம் இயல்பு. ஆயினும் முக்கியமானதைச் சொல்லும்போதேனும் வில்லையைப் பார்த்துப் பேசினால், கேட்பவர்க்குத் தம்மைப் பார்த்தே பேசுவதுபோல் இருக்கும். நம் திரையில் நம்முருவம் கண்ணாடியிற் போல் இடவலம் மாறித் தோன்றுவது கண்டு மலைக்க வேண்டா. பெரும்பாலும் அது நமக்கு மட்டுமே அவ்வாறு தெரிகிறது. நாம் பிடித்துக் காட்டும் எழுத்தைப் பிறர் நேராகவே வாசிப்பர்.

படத்தின் தெளிவு இணையத்தின் வேகத்தாலும் வரையறுக்கப்படும். 720 படத்தை அனுப்புதற்குச் செக்கனுக்கு ஏறத்தாழ 1 முதல் 3 மெகாபிற்று வரையும், 1080 படத்துக்கு 3 முதல் 4 மெகாபிற்று வரையும் வேண்டப்படும். இது பெறும் வேகமன்று, அனுப்பும் வேகம் என்பதை மறத்தலாகாது. வேகம் போதாவிடிற் கூட்டச் செயலி தானே படத்தைத் தாழ்த்திவிடும். வேறு சில செயலிகளில் உயர்தெளிவை நாமே அமைப்பிற் சென்று தொடக்க வேண்டியிருக்கும். ஒலியையும் புறக்கணித்தலாகாது. படம் சற்று மங்கினும் கூட்டம் நடைபெறும். ஒலி கெட்டாற் கூட்டமே இல்லை. கமராவிலுள்ள ஒலிவாங்கி விசிறியின் இரைச்சலையும் சேர்த்தே வாங்கும். வாயருகே அமையும் எளிய ஒலிவாங்கி, விலையுயர்ந்த கமராவிலும் மிகுந்த பயன் தருதல் கூடும். இறுதியாக, வில்லையை மென்துணியால் துடைத்தல் வேண்டும். விரலின் எண்ணெய்ப்பசை படிந்த வில்லைக்கு எத்தனை புள்ளி இருந்தென்ன?

காவல்

கமரா வீட்டினுள் திறந்திருக்கும் கண். கணினியுட் புகுந்த தீய மென்பொருள் உரிமையாளர் அறியாமல் அதனை இயக்கக்கூடும். விளக்கு எரியாததால் கமரா இயங்கவில்லை என்று உறுதி கொள்ளுதலும் எப்பொழுதும் பொருந்தாது. 2008ஆம் ஆண்டுக்கு முற்பட்ட சில அப்பிள் கணினிகளில், விளக்கை எரியவிடாமலே கமராவை இயக்க முடியுமென அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர் 2013ஆம் ஆண்டில் நிறுவிக் காட்டினர். எனவே, தனிக்கமராவாயின் பயன்படுத்தாத வேளையிற் கழற்றிவிடுக, அல்லது மூடியிடுக. மடிக்கணினியில் தடித்த மூடியை ஒட்டிவிட்டுக் கணினியை மடித்தால் திரை வெடித்தல் கூடும். 2020ஆம் ஆண்டில் அப்பிள் நிறுவனமே இவ்வெச்சரிக்கையை விடுத்தது. எளிதிற் கழற்றக்கூடிய மெல்லிய தாள் துண்டு போதும். படுக்கையறையிலும் சிறுவர் தனித்திருக்கும் அறையிலும் கமராவைத் திறந்து வைத்தலாகாது என்பதைப் பெற்றோர் கருத்திற் கொள்ளல் வேண்டும்.

மேற்கூறியவற்றுட் பெரும்பாலானவை பணச்செலவு வேண்டாதவை. யன்னலை நோக்கி அமர்தல், கணினியை உயர்த்துதல், வில்லையைத் துடைத்தல், 50ஐத் தெரிதல் ஆகிய நான்கையும் இன்று மாலையே செய்து பார்க்கலாம். அவற்றைச் செய்தபின்னும் குறை காணப்படுமாயின், அக்குறை எதுவென அறிந்து, அதனைத் தீர்க்கும் கமராவை வாங்குக.

இவ்விழாக் காலத்தில் உலகின் பல நகரங்களிலுள்ள நம் கிளைச் சங்கங்கள் ஓய்வுபெற்ற ஆசிரியர்களைத் திரைவழியாகக் கண்டு வணங்க விரும்பும். அவ்வாசிரியர்களுட் பலர் முதுமையுற்றவர். கணினியை இயக்க அறியாதவர். இங்குள்ள உயர்தர வகுப்பு மாணவர் இருவர் மூவர், கூட்டத்துக்கு அரைமணி முன்னரே அன்னார் இல்லஞ் சென்று, கதிரையை ஒளியை நோக்கித் திருப்பி, கணினியை உயர்த்தி, ஒருமுறை பேசிப் பார்த்துவிட்டால், அன்று நான் வீணாக்கிய பத்து நிமிடம் இனி எவர்க்கும் வீணாகாது. எண்பது வயது கடந்தவரோடு பேசக் கிடைக்கும் நேரத்திற் பத்து நிமிடம் என்பது சிறிதன்று. மாணவர் இப்பணியை ஏற்பராக.